கஞ்சில் கொடுத்த ஹேண்ட்பிரேக்

சிகாமட்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் சில மாதங்களுக்கு முன் ஒரு கார் சாவி பறிமுதல் ஆனது. மைவி காரின் சாவி. பறிகொடுத்தவன் அக்கா மகன். எஸ்.பி.எம். எழுதி முடித்து, லைசென்ஸ் எடுத்து, காரின் முன்னும் பின்னும் 'பி' ஸ்டிக்கர் ஒட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நடந்தது இதுதான். மழை விட்ட ஒரு மாலையில் நண்பனை ஏற்றிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் போயிருக்கிறான். கணினியில் ரேலி விளையாடுகிற பையன். அதில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், கார் வாலைச் சுழற்றிக்கொண்டு அழகாக வளைவில் திரும்பும். அதை நிஜத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வளைவில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டான். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்தான் என்று சொல்கிறான். கார் அரைவட்டம் சுற்றி, பின் சக்கரம் ஒன்று கால்வாயில் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. எதிரே குலை ஏற்றிய லோரி எதுவும் வரவில்லை. தப்பித்ததற்கு வேறு காரணம் கிடையாது.

வீட்டில் ஆளாளுக்குத் திட்டினார்கள். ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் மாமனார். சிகாமட்டில் முப்பது வருடத்துக்கு மேல் கார் பட்டறை நடத்திவிட்டு ஓய்ந்தவர். மறுநாள் காலையில் வீட்டின் பின்பக்கக் கொட்டகைக்குப் போனார். துருப்பிடித்த ஓர் இரும்பைக் கொண்டுவந்து பேரனின் கணினி மேசையில் வைத்தார்.

"இழுக்கணும்னு ஆசையா இருக்குல்ல? இதை இழு. வீட்டுக்குள்ளேயே இழு."

அது ஒரு பழைய பெரோடுவா கஞ்சில் காரின் ஹேண்ட்பிரேக். 2011 வெள்ளத்தில் முழுகிய காரைப் பிரித்தபோது எடுத்து வைத்தாராம். அதைக் கணினி விளையாட்டோடு இணைக்க வேண்டும். வார இறுதிக்குப் போயிருந்த நான் வசமாக மாட்டிக்கொண்டேன். "நீ ரேடியோவில்தானே வேலை செய்யறே, இந்த வயரெல்லாம் உனக்குத் தெரியுமே" என்றாள் அக்கா. ஒலிவாங்கி முன் பேசுகிறவளுக்கு வயர் தெரியும் என்று யார் சொன்னது? ஆனாலும் உட்கார்ந்தேன். அடுத்த ஐந்தாறு வார இறுதிகள் அதிலேயே போயின.

இழுத்தால் என்ன ஆகிறது?

முதலில் தாத்தா ஒரு பாடம் எடுத்தார். மேசையில் ஒரு பொம்மைக் காரை வைத்து, பின் சக்கரங்களை மட்டும் ஒட்டுநாடாவால் கட்டி, சாய்த்த பலகையில் விட்டார். கார் பாதி தூரம் போவதற்குள் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. கட்டை முன் சக்கரங்களுக்கு மாற்றிவிட்டார். இப்போது கார் நேராக வழுக்கிக்கொண்டு இறங்கியது.

டயரின் குணம் அது. உருண்டுகொண்டிருக்கும்வரை பக்கவாட்டில் நகராமல் தரையைப் பிடித்துக்கொள்ளும். உருள்வது நின்றுவிட்டால் பக்கம் என்று அதற்கு எதுவும் இல்லை; எந்தத் திசையில் தள்ளுகிறதோ அந்தத் திசையில் வழுக்கும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. ஓடும் காரில் அதை இழுத்தால் பின்பக்கம் பிடிமானத்தை இழந்து வெளியே சுழல்கிறது. கால் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும் ஏ.பி.எஸ். இங்கே உதவிக்கு வராது. கேபிளால் இழுக்கப்படும் சாதாரண ஹேண்ட்பிரேக் அதன் கட்டுப்பாட்டில் இல்லை.

ரேலி ஓட்டுநர்கள் இந்த ஆபத்தைத்தான் வித்தையாக மாற்றி வைத்திருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் காரைச் சுற்றித் திருப்ப ஸ்டீயரிங் மட்டும் போதாது. ஒரு கணம் பின் சக்கரங்களைப் பூட்டி, கார் திரும்பியவுடன் விட்டுவிட வேண்டும். அதற்காக ரேலி கார்களில் ஹைட்ராலிக் லீவர் இருக்கிறது. நம் காரில் இருப்பதுபோல இழுத்த இடத்தில் 'டிக்' என்று பூட்டிக்கொண்டு நிற்காது. கையை எடுத்தால் உடனே திரும்பிவிடும். நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் போகும் ரேலி கார்களில், லீவரை இழுத்ததும் பின் சக்கரங்களுக்குப் போகும் இயக்கத்தைத் துண்டிக்கிற ஏற்பாடும் உண்டு.

இந்தக் கலையில் உலகை வென்ற ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். 2002இல் உலக ரேலி வாகையின் புரோடக்‌ஷன் கார் பிரிவில் பட்டம் வென்ற கரம்ஜிட் சிங். ஓட்டியது புரோட்டோன் பெர்ட். பக்கத்து இருக்கையில் வழி சொன்னவர் ஆலன் ஓ. ஆசிய பசிபிக் ரேலிப் போட்டிகள் நம் ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டச் சாலைகளிலும் நடந்திருக்கின்றன. பையனுக்குச் செம்மண் சாலையைப் பார்த்ததும் கை துறுதுறுத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் போட்டிகளில் சாலை மூடப்பட்டிருக்கும். காருக்குள் இரும்புக் கூண்டு இருக்கும். தலையில் கவசம் இருக்கும். மைவியில் இருந்தது நண்பன் மட்டும்.

ரேடியோவில் இருக்கும் அதே சாமான்

கணினி விளையாட்டுக்கான ஸ்டீயரிங், பெடல் வாங்கும்போது பெரும்பாலும் ஹேண்ட்பிரேக் கூடவே வராது. தனியாக வாங்கினால் நல்லதொன்றுக்குச் சில நூறு வெள்ளி ஆகும். வீட்டில் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருப்பதற்கு முதல் காரணம் இந்த விலைதான்.

எங்கள் முதல் முயற்சி மிக எளிமையானது. லீவர் சுழலும் அச்சில் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றைப் பொருத்தினோம். படிக்கச் சிரமமான பெயர்; பார்த்தால் பழைய வானொலிப் பெட்டியின் ஒலியைக் கூட்டும் குமிழுக்குள் இருக்கும் அதே சாமான்தான். அதன் மூன்று கால்களிலிருந்தும் மூன்று வயர்கள் அர்டுயினோ புரோ மைக்ரோ என்ற சிறிய பலகைக்குப் போகின்றன. அந்தப் பலகையில் இருக்கும் ஏடிமெகா 32யு4 சில்லு, யு.எஸ்.பி. வழியாகக் கணினியிடம் 'நான் ஒரு ஜாய்ஸ்டிக்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதனால்தான் இந்த வேலைக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எழுத வேண்டிய நிரல் பதினைந்து இருபது வரிகளைத் தாண்டாது. அதைப் பையனே எழுதினான்.

வேலை செய்தது. ஆனால் சரியாகச் செய்யவில்லை. அந்தப் பலகை 0 முதல் 1023 வரை அளக்கும். குமிழ் முழுதாகச் சுற்ற 270 பாகை. எங்கள் லீவர் திரும்புவதோ 30 பாகைதான். ஆயிரத்துச் சொச்சம் படிகளில் நூற்றுச் சொச்சம்தான் கைக்கு வந்தது. போதாததற்கு, லீவரைத் தொடாமலே திரையில் அளவுகோல் நடுங்கியது.

இந்த நடுக்கம் எனக்குப் பழக்கப்பட்டது. ஒலிபரப்பு அறையில் எங்கள் கைக்குக் கீழே வரிசையாக இருக்கும் ஃபேடர்களில் பலவும் உள்ளே இதே இனம்தான். வருடக்கணக்கில் தள்ளித் தள்ளி உள்ளிருக்கும் கரித்தடம் தேய்ந்தால், பாட்டைக் குறைக்கும்போது 'கரகர' என்று சத்தம் வரும். நேயர்கள் காதில் கேட்கும் கரகரப்பு, பையனின் திரையில் நடுக்கமாகத் தெரிந்தது. உரசும் எதுவும் தேயும் என்றேன். "அப்போ உரசாத ஒன்னு வேணும், சித்தி" என்றான்.

உரசாத வழி இரண்டு. ஒன்று, காந்தம் நெருங்குவதை உணரும் ஹால் சென்சர். மற்றொன்று, லோட் செல். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். தாத்தா கேட்ட ஒரு கேள்விதான் காரணம்: "பிரேக்கை எவ்வளவு தூரம் இழுத்தோம்னா பாக்குறோம்? எவ்வளவு பலமா இழுத்தோம்னுதானே?"

ஆறு மடங்குப் பாடம்

எடை போடும் மின்தராசுக்குள் இருப்பது லோட் செல். ஓர் அலுமினியத் துண்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழைகள். எடை ஏறினால் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். இழைகளின் மின்தடை மாறும். அந்த மாற்றம் மிகச் சிறியது. அதைப் பெருக்கி எண்ணாக்கித் தர எச்.எக்ஸ்.711 என்ற சிறு பலகை வேண்டும். சாதாரணமாகக் கிடைப்பவை, இரண்டையும் இயங்கலையில் வாங்கினோம்.

மனிதன் எவ்வளவு பலமாக இழுத்துவிடப் போகிறான்? பத்து கிலோ? எதற்கும் இருக்கட்டும் என்று 20 கிலோ தாங்கும் லோட் செல் வாங்கினோம். பழைய கேபிள் மாட்டியிருந்த இடத்தில் அதைப் பொருத்தினோம். மூன்றாவது நாள் அது வளைந்துபோனது. கையை எடுத்தாலும் திரையில் பிரேக் பாதி பிடித்தபடியே நின்றது.

விற்ற கடையைத் திட்டிக்கொண்டிருந்தோம். தாத்தா அளவுநாடாவைக் கொண்டுவந்தார். சுழலும் அச்சிலிருந்து கைப்பிடி 30 சென்டிமீட்டர். கேபிள் மாட்டும் இடம் அச்சிலிருந்து 5 சென்டிமீட்டர். ஆறு மடங்கு நெம்புகோல். கை 10 கிலோ இழுத்தால் கேபிளில் 60 கிலோ. வயதான பாட்டிகூட மலைச்சாலையில் காரை நிறுத்திவைக்க முடிவது இதனால்தான். இருபது கிலோ தாங்கும் பொருளில் அறுபது கிலோவை ஏற்றியது நாங்கள். கடைக்காரர் மேல் பிழையில்லை.

பையன் பள்ளியில் நெம்புகோல் கணக்கைப் போட்டிருக்கிறான். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். ஆனால் அந்தக் கணக்கு தன் கையில் இருக்கிறது என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. மைவியில் தான் சாதாரணமாக இழுத்தது பின் சக்கரங்களை எந்தப் பிடி பிடித்திருக்கும் என்று அவனே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தான். ஒரு வாரம் திட்டியும் உள்ளே இறங்காதது, வளைந்த அலுமினியத் துண்டைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

இரண்டாவது முறை 50 கிலோ லோட் செல். பொருத்திய இடம் அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே. இரண்டே மடங்கு. நடுவில் கெட்டியான ரப்பர்த் துண்டு ஒன்றை வைத்தோம். இழுக்கும்போது கைக்கு ஓர் எதிர்ப்பு வேண்டுமே. ஒரு எல்லைக்கு மேல் லீவர் போகாதபடி ஒரு போல்ட்டும் வைத்தோம். 'டிக் டிக்' என்று பூட்டும் பற்களிலிருந்து கொக்கியைத் தாத்தா கழற்றிவிட்டார். இழுத்துவிட்டால் உடனே திரும்பியாக வேண்டும்.

தொலைந்துபோன பத்தில் ஒரு வினாடி

அப்படியும் ஒரு கோளாறு. பையன் சரியான இடத்தில் இழுக்கிறான். கார் வளைவைத் தாண்டியே திரும்புகிறது. கை பழகவில்லை என்று நினைத்தோம். குற்றம் கையில் இல்லை. எச்.எக்ஸ்.711 பலகைகள் பெரும்பாலும் வினாடிக்கு 10 முறை மட்டும் அளக்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. தராசுக்கு அது போதும். அரிசி எங்கேயும் ஓடிப்போகாது. காருக்குப் போதாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், அடுத்த அளவுக்குக் காத்திருக்கும் அந்தப் பத்தில் ஒரு வினாடியில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் போய்விடும்.

அதே சில்லு வினாடிக்கு 80 முறையும் அளக்கும். அதற்கான ஒரு காலைத் தரை இணைப்பிலிருந்து விடுவித்து மின்சார இணைப்பில் சேர்க்க வேண்டும். பற்றவைத்தது நான். கை நடுங்கியதை மறைக்கவில்லை. அதற்குப் பிறகு தாமதம் கார் ஓடும் இருபது சென்டிமீட்டருக்குச் சுருங்கியது. நேரலையில் பேசுகிறவளுக்குத் தாமதத்தின் அருமை தெரியும். காதுக்கருவியில் என் குரலே பத்தில் ஒரு வினாடி பிந்தி வந்தால் எனக்கு நாக்குக் குழறிவிடும்.

கடைசி எதிரி நாற்காலி. இழுக்கும் வேகத்தில் சக்கரம் வைத்த நாற்காலி முன்னே உருண்டது, மேசை பின்னே வந்தது. பிளைவுட் பலகை ஒன்றில் லீவரைப் போல்ட் போட்டு இறுக்கி, பலகையை நாற்காலியின் காலோடு சேர்த்துக் கட்டினோம். நாற்காலிச் சக்கரங்களைப் பழைய ரப்பர் செருப்புகளில் இறக்கி வைத்தது அக்காவின் யோசனை. மின்பலகை இப்போது மார்ஜரின் டப்பாவுக்குள் இருக்கிறது. வீட்டில் கிடந்த சாமான்களைச் சேர்க்காமல், வளைந்துபோன முதல் லோட் செல்லையும் சேர்த்து, மொத்தச் செலவு 100 வெள்ளிக்குள் முடிந்தது.

செய்ய நினைப்பவர்களுக்கு

சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இது கணினிக்கான வேலை. விளையாட்டுக் கருவிப் பெட்டிகள் வீட்டில் செய்த சாமானைப் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. சில விளையாட்டுகள் ஹேண்ட்பிரேக்கை 'உண்டு, இல்லை' என்ற பட்டனாக மட்டுமே எடுத்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன் உங்கள் விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைப் பாருங்கள். பட்டன்தான் என்றால் லோட் செல் வீண். ஒரு சுவிட்ச் போதும். யு.எஸ்.பி.யில் வருவது 5 வோல்ட் மின்சாரம்தான், ஆனாலும் பற்றவைக்கும்போது கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். லீவரைத் தொடாதபோது அளவு சுழியத்தில் நிற்கும்படி, முதல் சில விழுக்காட்டைக் கணக்கில் எடுக்காமல் விடும் வரி ஒன்றை நிரலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின் பிரேக் பிடித்தபடியே பந்தயம் முழுக்க ஓடும். லீவரைப் பழைய சாமான் கடையில் தேடுங்கள். ஓடும் காரிலிருந்து கழற்றாதீர்கள்.

தேடுவதையும் சீக்கிரம் செய்யுங்கள். புரோட்டோன் எக்ஸ்70, எக்ஸ்50 போன்ற கார்களில் லீவரே இல்லை. ஒரு சிறு சுவிட்சை விரலால் தூக்கினால் மின்மோட்டார் பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது. இன்னும் சில வருடங்களில் இந்த லீவரைப் பிள்ளைகள் விளையாட்டில் மட்டும்தான் பார்ப்பார்கள் என்று தோன்றுகிறது.

விளையாட்டிலும் நிஜப் பந்தயத்திலும் ஓட்டுகிறவர்கள் உண்டு. கணினி ரேலியில் 2018இல் உலகப் பட்டம் வென்ற ஜான் ஆர்ம்ஸ்ட்ராங் நிஜ ரேலியிலும் ஓட்டுகிறார். ஆகவே இதைப் பிள்ளைகளின் வெட்டிப்பொழுது என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வீட்டு நாற்காலியில் இல்லாத ஒன்று இருக்கிறது. கார் சுழலும்போது வயிற்றைப் புரட்டும் அந்த இழுப்பு. திரையில் கவிழ்ந்த காரை ஒரு பட்டன் நிமிர்த்திவிடும்.

கண்ணை மூடி இழுத்தவர்

எல்லாம் முடிந்த அன்று ஒரு சோதனை வைத்தோம். திரையைப் பார்க்காமல், மூன்று முறை, அதே பலத்தில் பாதி அளவு இழுக்க வேண்டும். பையன் இழுத்தான்: 34, 81, 60. நான் இழுத்தேன். எண்களைச் சொல்ல விருப்பமில்லை. தாத்தாவை உட்காரவைத்தோம். கணினி விளையாட்டைத் தொட்டே அறியாதவர். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்: 52, 50, 51.

பையன் வாயைப் பிளந்தான். "எப்படி தாத்தா?"

"எத்தனை ஆயிரம் காருக்கு இழுத்துப் பாத்திருப்பேன். கைக்குத் தெரியும்லா."

கைக்கு நினைவிருப்பது தூரம் இல்லை, பலம். கடையில் விற்கும் நல்ல பிரேக்குகளில் லோட் செல் வைப்பதும் இதற்காகத்தான். அதை ஒரு பட்டறைக்காரர் முப்பது வருடம் கையிலேயே வைத்திருந்தார். அவர் கை என்ன செய்யும் என்பதை அந்த வீட்டில் யாரும் எண்ணாகப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தோம். அதன்பிறகு தினமும் மாலையில் தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பையன் கேள்வி கேட்கிறான் என்று அக்கா சொன்னாள். டிரம் பிரேக் எப்படி, டிஸ்க் எப்படி, கேபிள் எங்கே அறும் என்று.

போன மாதம் நான் சிகாமட்டுக்குப் போனபோது சாவி அவன் கையில் இருந்தது. பூலோ காசாப் பக்கம் ஒரு வேலை. தாத்தா முன் இருக்கையில், நான் பின்னால். மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவுகளில் நிதானமாகவே ஓட்டினான். கடை வாசலில் காரை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். தாத்தா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்பது டிக். கேபிள் தளர்ந்திருக்கு. நாளைக்கு இறுக்கணும்."

"நான் இறுக்கட்டுமா தாத்தா?"

"நீ இறுக்கு. நான் இழுத்துப் பாக்கறேன்."